சந்தனப் பொட்டு வைத்த கரி அச்சு

பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே கரி அச்சு, முகமெல்லாம் சந்தனம், நடுவில் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு என்று, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

எனக்கு நாலடி பின்னால் பெரிய இன்ஜினியர் நின்றார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, தலையில் தொப்பி, கண் கைக்கடிகாரத்தில். அவர் பார்ப்பதற்குள் மூடியைப் பாதி இறக்கி, குனிந்து, முதுகால் பெட்டியை மறைத்துக்கொண்டேன்.

போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஏலத்தோட்டத்துச் சரிவு. காலை வெயில் ஏறிவிட்டது. அச்சின் உள்வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. விரல் ஈரமாக வெளியே வந்தது.

அந்த ஈரம் என்ன செய்யும் என்று சொல்வதற்கு முன்னால், தேவாரம் ஊரிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான் எழுதிய யானைக் கதையில், யானை தின்றது கரும்பு இல்லை, சோளம் என்று ஒரு வாசகர் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஐயா, நான் அன்றைக்கு மரத்தின் மேல் இருந்தேன். யானை என்ன தின்கிறது என்று எட்டிப் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. நீங்கள் சொன்னபடி சோளம் என்றே வைத்துக்கொள்வோம். இனி ஈரத்துக்கு வருகிறேன்.

குழாய்க்கு நேர்ந்துவிட்ட கிடா

ஐம்பதுகளின் நடுவில் என்று ஞாபகம். மேலே ஓடுகிற ஓடைத் தண்ணீரை ஓர் இரும்புக் குழாயில் அடைத்துச் சரிவில் இறக்கி, கீழே மின்சாரச் சக்கரம் ஒன்றைச் சுற்றவைப்பதாக நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். அந்த வேலையில் நான் தற்காலிக மெக்கானிக். 'தற்காலிக' என்கிற வார்த்தையை மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னை அந்தக் காலத்தில் யாரும் மறக்கவிட்டதில்லை.

அந்த மலை மண்ணில் இரும்பைப் புதைத்தால் துரு தின்றுவிடும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். குழாய்க்குப் பக்கத்தில் மக்னீசியக் கட்டி ஒன்றைப் புதைத்து, அதிலிருந்து ஒரு செம்புக் கம்பியைக் கொண்டுவந்து குழாயோடு ஒட்டிவிட வேண்டும். துரு குழாயை விட்டுவிடும். கட்டி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும்.

இதை எனக்கு விளக்கிய ஓவர்சியர் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒரு மணி நேரம் பேசினார். எனக்குப் புரியவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்த சீனியம்மா, தலைச்சுமையோடு அந்த வழியாகப் போனவள், நின்று கேட்டுவிட்டு ஒரே வரியில் சொன்னாள்.

"அப்போ அது குழாய்க்கு நேந்துவிட்ட கிடான்னு சொல்லுங்க."

ஓவர்சியருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்த நிமிஷத்தோடு எல்லாம் விளங்கிவிட்டது.

பெட்டிக்குள் என்ன இருந்தது

கம்பியைக் குழாயோடு ஒட்டுவதுதான் என் சோலி. ஈயப் பற்று வைத்தால் மண்ணுக்குள் நிற்காது. வெல்டிங் மெஷினை அந்தச் சரிவில் ஏற்ற முடியாது, ஏற்றினாலும் மின்சாரம் கிடையாது. மின்சாரம் வருவதற்காகத்தானே இந்தக் குழாயே.

அதற்காகக் கப்பலில் வந்த ஒரு மரப்பெட்டியை என் கையில் கொடுத்திருந்தார்கள். உள்ளே செங்கல் அளவுக்குக் கரியில் கடைந்த அச்சு, அதைப் பிடிக்க இடுக்கி போல ஒரு கைப்பிடி, இரும்பு வில்லைகள், பொட்டலம் பொட்டலமாகச் செம்பு கலந்த மருந்துத்தூள், ஓர் அரம், ஒரு சின்னச் சுத்தியல். அப்புறம் நாங்கள் துப்பாக்கி என்று சொல்லிவந்த ஒரு பொறிக்கருவி. அமுக்கினால் உள்ளே கல் உரசித் தீப்பொறி தெறிக்கும்.

குழாயை அரத்தால் பளபளவென்று ராவி, கம்பியை வைத்து, அதன் மேல் அச்சை உட்காரவைக்க வேண்டும். அச்சின் குழியில் வில்லையைப் போட்டு, மருந்தைக் கொட்டி, கடைசியாக, முதலில் தீப்பிடிக்கிற பற்றுமருந்தை மேலே தூவி மூடியைச் சாத்த வேண்டும். ஓட்டை வழியாகத் துப்பாக்கியால் ஒரு பொறி. அவ்வளவுதான். புஸ்ஸென்று ஒரு சீற்றம், கண் கூசுகிற வெளிச்சம். உள்ளே செம்பு உருகி, வில்லையை ஓட்டைபோட்டு இறங்கி, கம்பியையும் குழாயையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக்கிவிடும். பத்து எண்ணுவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும்.

ஒரே ஒரு விஷயம். அந்தக் கரி, தண்ணீரைக் கண்டால் பஞ்சு மாதிரி குடிக்கும். ஈர அச்சுக்குள் உருகின செம்பு இறங்கினால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிச் செம்பையே வெளியே துப்பிவிடும். பெட்டி மூடியின் உள்பக்கம் 'ஈரம் படக்கூடாது' என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். நான் அதை நாலு தடவை படித்தவன். படித்து என்ன பிரயோசனம்.

மாமா போட்ட நிபந்தனை

என் தாய்மாமா போடியில் ஏலக்காய்த் தரகு பார்த்தார். காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படித்தான் உருட்டிப் பார்ப்பார். அவர் மகள் காந்திமதி. முறைப்பெண்.

"மாப்ளே, ஒன்னை எனக்குப் பிடிக்காம இல்ல. ஆனா தற்காலிகத்துக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன். வேல நிரந்தரம்னு காயிதம் கொண்டா. அன்னைக்குப் பேசிக்கிருவோம்."

காந்திமதி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "நான் இன்னும் ஒண்ணும் சொல்லலயே அப்பா."

ஆக, மாமாவுக்குக் காகிதம் வேண்டும், அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை. கையில் பிடிக்க முடிந்த காகிதத்தையாவது முதலில் பிடிப்போம் என்று மலைக்குப் போனேன். பெரிய இன்ஜினியர் மதுரையிலிருந்து வந்து என் ஒட்டு வேலையைக் கண்ணால் பார்த்துச் சரி என்று எழுதினால் நிரந்தரம். விஜயதசமி நல்ல நாள் என்று அவரே அந்த நாளைக் குறித்தார்.

முதல் கேள்வி

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. மலையில் வேலை கிடையாது. பெட்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு வரப் பயம், தூக்கிக்கொண்டு பஸ்சில் இறங்கிவிட்டேன். மாமா வீட்டில் அரிவாள்மணையிலிருந்து தராசு வரைக்கும் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆயுதத்தைப் பூசையில வைக்காத பய என்னடா மெக்கானிக்கு" என்றார் மாமா. பெட்டி கூடத்துக்குப் போனது.

நான் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து, சாயாத மாதிரி நின்றுகொண்டிருந்தேன். காந்திமதி புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாக வந்தாள். என் முகத்தைப் பார்த்து அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இதெல்லாம் ரொம்பக் கரியா இருக்கே மச்சான். கழுவட்டா?"

கேள்வி எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பெண் நம்மைப் பார்த்து ஒன்று கேட்கிறாள், அதற்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. தலையைப் பெரிய மனுஷன் மாதிரி ஆட்டினேன். "ம்" என்றேன்.

பூஜைக்கு வைத்த ஆயுதத்தை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. மறுநாள் காலையில் மூடியிருந்த பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டேன். அவள் எந்த அளவுக்குத் தேய்த்திருந்தாள் என்பது சரிவில் மூடியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. வெண்கலக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி, குழிக்குள்ளேயெல்லாம் நார் விட்டுத் தேய்த்திருந்தாள். துப்பாக்கியையும் விடவில்லை. பிரியத்தில் குறையே சொல்ல முடியாது.

செம்பு துப்பிய அச்சு

"என்னப்பா, வெரசா ஆகட்டும்" என்றார் இன்ஜினியர்.

என் கூட்டாளி வர்க்கீஸ், மலைக்கு அந்தப் பக்கத்து ஆள், ஃபிட்டர். கை நல்ல கை. வாய்தான் ஓட்டை வாய், உள்ளே எதுவும் தங்காது. எட்டிப் பார்த்தவன் காதோடு கேட்டான்.

"எந்தா இது, அச்சுக்குக் கல்யாணமோ?"

"வாயை மூடிக்கிட்டு ஊதுவிளக்கைப் பத்தவை."

மண்ணெண்ணெய் ஊதுவிளக்கின் சீறுகிற நெருப்பில் அச்சைப் புரட்டிப் புரட்டிக் காட்டினோம். சந்தனம் வெடித்து உதிர்ந்தது. மேலே கை வைத்தால் சுட்டது, காய்ந்துவிட்டது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடித்த கரி ஐந்து நிமிஷத்தில் காயுமா. காயாது என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு அறிவு.

துப்பாக்கி ஏழெட்டுத் தடவை இருமிவிட்டு ஒரு பொறி விட்டது.

சீற்றம் வரவில்லை. டமார் என்று ஒரு சத்தம். மூடி பறந்தது. பட்டாணி பட்டாணியாகச் செம்பு நாலு பக்கமும் தெறித்தது. இன்ஜினியர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உண்ணிச்செடிப் புதருக்குள் பாய்ந்தார். புகை விலகினபோது குழாய் மேல் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி. சுத்தியலால் தொட்டேன், கழன்று விழுந்தது.

புதருக்குள்ளிருந்து இன்ஜினியர் எழுந்தார். அந்த வெள்ளைக் கால்சட்டையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

"நாளைக்கு இதே நேரம் வருவேன். ஒரு தடவைதான் பார்ப்பேன். இன்னைக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு காரணத்தையும் எழுதி வை."

ஜீப்பு இறங்கிப் போனது. நான் குழாய் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நிரந்தரமும் போயிற்று, காந்திமதியும் போனாள் என்று நினைத்து அழுதே விட்டேன். வர்க்கீஸ் பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும்.

ஏலக்காயோடு ஒரு நாள்

வழி சொன்னதும் அவன்தான். "தண்ணி எறங்கணும்னா மெல்லத்தான் எறங்கணும். பச்சை ஏலக்காயைக் காய வெச்சு ஒணக்குறது எங்க? அங்க வை."

ஏலக்காய் ஸ்டோர் என்பது தோட்டத்தில் ஒரு பெரிய அடைத்த அறை. அடியில் இரும்புக் குழாய்கள் வழியாக விறகுச் சூடு ஓடும், மேலே தட்டு தட்டாகக் காய் காயும். சீனியம்மா வாசலை மறித்து நின்றாள்.

"கரிச்சட்டிய என் ஸ்டோருக்குள்ள வைக்கவா? காயெல்லாம் கரி நாத்தம் அடிக்கும். போடி யாவாரி மோந்து பாத்துட்டு எம்புட்டுப் பேச்சுப் பேசுவான் தெரியுமா?"

"துணியில சுத்தித் தர்றேன்க்கா."

"எதுல சுத்தினாலும் கரி கரிதான். போ, போய்ச் சோலியப் பாரு."

"ஆத்தா, இது காயலேன்னா எனக்குக் கல்யாணம் இல்ல."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அத மொதல்ல சொல்றதுக்கென்ன" என்று வழியை விட்டாள். அடித்தட்டின் ஓரத்தில், சூடு நேராகப் படும் இடமாகப் பார்த்து அவளே வைத்தாள். வைத்துவிட்டு, "மாப்பிள்ளை உள்ள இருக்காரு, யாரும் கதவத் தொறக்காதீங்க" என்று மற்ற பெண்களிடம் சொன்னாள். அன்று முழுக்க அந்தத் தோட்டத்தில் அச்சுக்கும் எனக்கும் அதுதான் பெயர்.

அச்சுக்கு வழி பிறந்தது. துப்பாக்கி செத்துவிட்டது. புளித்தண்ணீரில் ஊறின கல் பொடிப்பொடியாக உதிர்ந்து, இனி ஒரு பொறிகூடத் தராது என்று ஆகிவிட்டது. ஒரு தகரத்தில் பற்றுமருந்தைக் கொஞ்சம் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தீக்குச்சி மருந்தின் மேல் விழுந்து சமர்த்தாக அணைந்தது. கற்பூரம் எரிந்து முடிந்தது, மருந்து அசையவில்லை. வர்க்கீஸ் பீடிக் கங்கை வைத்துப் பார்த்தான். அதுவும் இல்லை. மருந்துக்கு வேண்டியது சுடர் இல்லை, வெள்ளையாகத் தெறிக்கிற பொறி.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கம்பி மத்தாப்பு.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. போடிக் கடைகளில் சரக்கு இறங்க ஆரம்பித்திருந்தது. வர்க்கீஸ் ஏலக்காய் லோடு லாரியில் தொற்றிக்கொண்டு இறங்கினான். "அப்படியே மாமா வீட்ல நான் சௌக்கியம்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் சொல்லாத" என்றேன். சத்தியம் செய்துவிட்டுப் போனான்.

பாயச வாசனை

மறுநாள் அச்சு வெளியே வந்தது. சீனியம்மா அதை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "கரி நாத்தம் காய்க்கு ஏறல, காய் வாசந்தான் கரிக்கு ஏறியிருக்கு" என்று கையில் கொடுத்தாள்.

இன்ஜினியர் இந்த முறை காக்கிக் கால்சட்டையில் வந்தார். இருபதடி தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டார். குழாயை ராவினேன். கம்பி, அச்சு, வில்லை, மருந்து எல்லாம் முறைப்படி. ஊதுவிளக்கில் அச்சைச் சூடுகாட்டியபோது சரிவு முழுக்க ஏலக்காய் மணத்தது.

"இதென்னய்யா பாயச வாசனை?" என்றது பாறை.

மத்தாப்பைக் கொளுத்தி, கையை நீட்டி, ஓட்டைக்கு நேராகப் பிடித்தேன். பூப்பூவாகச் சிந்தின பொறியில் ஒன்று உள்ளே விழுந்தது. புஸ்ஸ். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்கு நாதஸ்வரத்தைவிட இனிப்பு.

ஆற விட்டு அச்சைப் பிரித்தேன். கசடைத் தட்டிவிட்டேன். பொன்னிறமாக, ஓட்டை உடைசல் இல்லாமல், குழாயும் கம்பியும் ஒன்றாக இருந்தன.

இன்ஜினியர் வந்து குனிந்து பார்த்தார். "பார்வைக்கு நல்லா இருக்கு. மின்தொடர்பு இருக்கான்னு மீட்டர் வச்சுப் பார்த்துடுவோம்." தோள்பையிலிருந்து தோல் உறை போட்ட மீட்டரை எடுத்தார். உறையின் பொத்தானைக் கழற்றினார்.

கண்ணாடி முகப்பில் மூன்று பட்டையாக விபூதி. நடுவில் சந்தனம். அதன் மேல் குங்குமம். கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாக ஈரம் கோத்திருந்தது. மீட்டர் கம்பிகளை எங்கே தொடவைத்தாலும் முள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அவர் மீட்டரைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். வர்க்கீஸ் என்ன செய்வது என்று தெரியாமல் அணைந்த மத்தாப்புக் கம்பியைப் பார்த்தான்.

"வீட்ல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். உறையை மெதுவாக மூடிப் பொத்தானைப் போட்டார். அப்புறம் என் சுத்தியலை வாங்கி, ஒட்டின் மேல் பக்கவாட்டில் ஓங்கி மூன்று அடி அடித்தார். ணங் என்று சத்தம் வந்தது. ஒட்டு அசையவில்லை.

"சுத்தியலுக்கு எத்தனை பொட்டு வச்சாலும் கெடாது" என்றார். குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. "நேத்து வெடிச்சதுக்குக் காரணம் எழுதச் சொன்னேனே?"

காகிதம் என் சட்டைப்பையில் இருந்தது. இரண்டு வார்த்தை. எடுத்துக் கொடுத்தேன்.

'மழை ஈரம்.'

அவர் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். அந்த வாரம் மலையிலும் சரி, அடிவாரத்திலும் சரி, ஒரு மேகம்கூட இல்லை.

"நல்ல மழைதான்" என்றார். கீழே கையெழுத்துப் போட்டார்.

மழை

உத்தரவு வருவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினேன். மாமா காகிதத்தை ஏலக்காய் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போய் மகளிடம் கேட்டார். போன வேகத்தில் திரும்பி வந்து, சரியாம் என்றார். ஒரு காகிதத்துக்கு இவ்வளவு சக்தியா என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன். கல்யாணமும் ஆயிற்று.

அடுத்த ஆயுத பூஜை எங்கள் சொந்த வீட்டில். பெட்டியைப் பூஜையில் வைத்துவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அச்சைக் கழுவிக் காரியத்தைக் கெடுத்தவள் அவள்தான் என்று ஒரு வருஷமாக அவளிடம் மூச்சு விட்டதில்லை. சொன்னால் மனது கஷ்டப்படும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காந்திமதி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். பெட்டியின் மூடிமேல் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். நகர்ந்துவிட்டாள்.

"உள்ள அச்சுக்கு வைக்கலயா?"

"கரிக்குத் தண்ணி ஆகாதுல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"வர்க்கீஸ் அண்ணேதான். மத்தாப்பு வாங்க வந்த அன்னைக்குப் பாதி சொன்னாரு. மறுநா ஒட்டு நின்னுருச்சுன்னு சொல்ல வந்தப்ப மீதியச் சொல்லிட்டாரு."

சத்தியம் செய்த பயல். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் குங்குமச் சிமிழை மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"காரணம் கேட்டதுக்கு மழைன்னு எழுதிக் குடுத்தீங்களாமே. அந்த வாரம் பூரா நான் மாடியில மொளகா காயப் போட்டிருந்தேன் மச்சான். ஒரு சொட்டு விழல. அன்னைக்கே அம்மாகிட்டச் சரின்னு சொல்லிட்டேன். ஒங்க காயிதம் மூணு வாரங் கழிச்சுல்ல வந்துச்சு."